காக்குது

பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் கத்தரிக்கோலின் மொட்டை முனையை நுழைக்க முடியாமல் நர்ஸ் இரண்டு தடவை கையை எடுத்துவிட்டாள். அண்ணனின் மணிக்கட்டு அவ்வளவு வீங்கியிருந்தது. பெயரும் எண்ணும் அச்சடித்த பிளாஸ்டிக் பட்டை சதைக்குள் புதைந்துபோயிருந்தது. தங்கை அவனுடைய முழங்கையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நின்றாள். தாங்கத்தான் வேண்டும், பிடிக்கக் கூடாது. போன வாரம் அவனைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது அவளுடைய நான்கு விரல்கள் பட்ட இடத்தில் தோல் நழுவி வந்துவிட்டது. அன்றிலிருந்து அவனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று யோசிக்கிறாள்.

மூன்றாவது தடவை பட்டை அறுந்தது. நர்ஸ் புதிதாக ஒன்றை அச்செடுத்து வந்து அவன் கணுக்காலில் கட்டினாள்.

"கால்லயா கட்டுனாங்க?" அண்ணன் கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

"ம்."

"கோழிக்குக் கட்டுற மாதிரி."

அவள் சிரிக்க முயன்றாள். நான்கு நாளில் அவன் இவ்வளவு பேசியது இப்போதுதான். வெளுத்து உலர்ந்து வெடித்த உதடுகளுக்கு நடுவிலிருந்து வந்த அந்தக் கேலியை அவள் போனில் பதிந்து வைத்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அவன் அவளைவிட எட்டு வயது பெரியவன். லிஃப்ட் மெக்கானிக். பத்து வருஷமாக இந்த நகரத்தின் கட்டடங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளையும் கூட்டிவந்து ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டான். போன வருஷம் அவனுக்கு ரத்தத்தில் புற்று வந்தது. எலும்பு மஜ்ஜையை மாற்றினால்தான் பிழைப்பான் என்றார்கள். அவளுடைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பத்து அடையாளம் பார்ப்பார்களாம், பத்தும் பொருந்தியது. அன்று அண்ணன், "பரீட்சையில நீ பத்துக்குப் பத்து வாங்குன ஒரே பாடம் நான்தான், வாலு" என்றான்.

வாலு என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். அவன் பின்னாலேயே திரிந்ததற்காக.

மஜ்ஜையைக் கொடுத்த நாளில் இடுப்பு எலும்பில் வலி பிடுங்கியது. அதைக்கூட அவள் பெருமையாகத்தான் நினைத்தாள். மூன்றாவது வாரம் அவளுடைய செல்கள் அவனுக்குள் வேர்பிடித்துவிட்டன என்றார்கள். ஐந்தாவது வாரம் அவன் உள்ளங்கை சிவந்தது. பிறகு காது மடல், பிறகு வயிறு.

அப்போதுதான் ஒரு இளம் டாக்டர் சாப்பாட்டு அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னாள். அவள் பேசிய பாஷை தங்கைக்குப் பாதிதான் புரியும், படம் முழுக்கப் புரிந்தது. ஒரு வட்டம். அதுதான் செல். வட்டத்தைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு தட்டு. உள்ளே என்ன நடக்கிறதோ அதைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் தட்டில் வைத்து, ஒவ்வொரு செல்லும் வெளியே நீட்டிக்கொண்டே இருக்குமாம். பார்த்துக்கொள், எனக்குள் இதுதான் இருக்கிறது என்று. காவல்காரச் செல்கள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போகும். தெரிந்த பொருள் என்றால் நகர்ந்துவிடும். தெரியாத பொருள் என்றால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். கிருமி புகுந்த செல்லை உடம்பு கண்டுபிடிப்பது இப்படித்தானாம்.

இப்போது அண்ணனுக்குள் காவல் காப்பது அவளுடைய செல்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் தட்டு ஒரே தட்டுதான், அதைத்தான் பத்துக்குப் பத்து என்றார்கள். ஆனால் தட்டில் வைத்து நீட்டும் பொருள் எல்லாம் ஒன்றாக இருக்காது. அவன் ஆண். ஆண் உடம்பில் மட்டும் உண்டாகிற சிலது உண்டு. ஒரு பெண்ணின் காவல்காரர்கள் அதைப் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகிவிடுகிறது என்றாள் டாக்டர். உங்கள் தவறு இல்லை என்றும் சொன்னாள். அந்த வாக்கியம் மட்டும் தங்கைக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரிந்து என்ன?

சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை பிரிப்பு மேசையில். விரிப்பின் மூலையில் தைத்த துணிச்சீட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பச்சை ஹோட்டலுடையது, நீலம் இந்த ஆஸ்பத்திரியுடையது. வேறு எந்தக் குறி இருந்தாலும் வெளித்தொட்டியில் எறிய வேண்டும். அதில் விழுந்ததையெல்லாம் தரை துடைக்கக் கிழித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் மூலை. கைதான் பார்க்கும், கைதான் எறியும். எத்தனையோ நல்ல விரிப்புகளை அப்படி எறிந்திருக்கிறாள், ஒரு நாளும் எதற்காகவும் நின்றதில்லை.

அன்றைக்கே அண்ணனிடம் அந்தப் படத்தைக் காட்டினாள். அவனுக்குப் போகிற கட்டடத்திலெல்லாம் வாசலில் அட்டையை நீட்டி நீட்டியே பழக்கம்.

"வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன்கிட்டயே கார்டு கேக்குறான்" என்றான். "நல்லா வேலை பாக்குறான்பா. வாட்ச்மேன்னா இப்படித்தான் இருக்கணும்."

அன்று மத்தியானம் அவள் நடைக்கூடத்தில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்குச் செய்தி சொன்னாள். அவள் எப்போதும் போனில் வாயால் சொல்லி எழுதவைப்பாள். அம்மாவுக்குக் கண் போய்விட்டது, அப்பாவுக்கு மில் இரைச்சலில் காது போய்விட்டது. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆளு தேறும் என்பான் அண்ணன். குரலாக அனுப்பினால் அம்மாவுக்கு மட்டும் கேட்கும், அதை அவள் அப்பாவின் காதில் கத்தித் தெருவுக்கே ஒலிபரப்புவாள். எழுத்தாக வந்தால் அப்பா கூட்டிக் கூட்டிப் படித்து அம்மாவுக்குச் சொல்வார். அந்த உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பதிலை மட்டும் குரலாக அனுப்புவார், தனக்கே கேட்காத குரலில், கத்தி.

தங்கை கையால் எழுதாததற்கும் காரணம் உண்டு. வந்த புதிதில், அறையில் பல்லி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுத நினைத்து, பள்ளி இருக்கிறது என்று எழுதிவிட்டாள். அப்பாவிடமிருந்து பதில் வந்தது: "பயப்படாம போயி நல்லாப் படிம்மா." அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தான். அதிலிருந்து அவள் போனை நம்பினாள்.

அன்று மூக்கடைத்து, தொண்டை கட்டி, அழுகையை அடக்கிக்கொண்டு அவள் சொன்னது இதுதான்: என் செல் இப்ப அண்ணனோட தோலையும் குடலையும் தாக்குது. அதுக்குத்தான் மருந்து ஏத்துறாங்க.

அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். போன் எழுதியிருந்தது: என் செல் இப்ப அண்ணனோட தோலையும் குடலையும் காக்குது. அதுக்குத்தான் மருந்து ஏத்துறாங்க.

திருத்துவதற்குள் அப்பாவின் குரல் வந்துவிட்டது. படிச்சேன் பாப்பா, அம்மாவுக்கும் படிச்சுட்டேன் என்று கத்தினார். பின்னால் அம்மாவின் குரல், பல நாளுக்குப் பிறகு தெளிந்த குரல்: "ஒரே வயித்துல பொறந்தது வீண்போகுமா? தங்கச்சி செல்லு அண்ணன காக்காம வேற யார காக்கும்?"

அவள் அறைக்குள் வந்தபோது அண்ணன் தன் போனில் அதை இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். குடும்பக் குழுவில்தான் எல்லாமே வரும். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

"உன் போனுக்கு இருக்குற பாசம்கூட உனக்கு இல்ல, வாலு."

"நான் தாக்குதுன்னுதான் சொன்னேன். திருத்தி அனுப்பிடுறேன்."

"வேணாம்."

"பொய்யாயிடாதா அண்ணே?"

"பொய் இல்ல, எழுத்துப்பிழை. உனக்கு அது புதுசா?" அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அம்மாவுக்கு வாய் முந்திக்கும். உன்ன ஒரு வார்த்தை சொல்லிடுவா. சொல்லிட்டா அப்புறம் அவளாலயே அத முழுங்க முடியாது. எனக்கு நல்லாகட்டும், ஊருக்குப் போயி சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம்."

"ஆகலன்னா?"

"ஆகலன்னா நீ சமாளி. நான் லீவு."

அதற்குப் பிறகு தினமும் அப்பாவின் குரல் அதையே கேட்டது. அம்மா கேக்குறா, உன் செல்லு நல்லாக் காக்குதான்னு. காக்குதுப்பா என்று அவளும் தினமும் சொல்லி அனுப்பினாள். அம்மா மகனை விசாரிப்பதையே விட்டுவிட்டாள். அவளுக்கு மகளின் செல்லைப் பற்றித் தெரிந்தால் போதும். ஒரு நாள் அவளே பேசினாள். "நீ நல்லாச் சாப்புடுடி. நீ சாப்புட்டாத்தான் அதுக்குத் தெம்பு வரும்."

அதைக் கேட்ட நாளிலிருந்து தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. தான் பட்டினி கிடந்தால் அவனுக்குள் இருக்கும் தன்னுடைய காவல்காரர்களும் சோர்ந்துபோவார்கள் என்று ஒரு நினைப்பு. முட்டாள்தனம் என்று தெரியும். அந்தச் செல்கள் இப்போது அவன் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவன் மூச்சில் வாழ்கிறவை. அவளைக் கேட்டு எதையும் செய்வதில்லை. ஆனாலும் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

காவல்காரர்களைத் தூங்கவைக்கத்தான் மருந்து. ஊசி போக ஒரு நாளைக்குப் பதினாலு மாத்திரை. வாயெல்லாம் புண். ஒவ்வொன்றையும் பொடித்து, கரைத்து, ஸ்பூனில் கொடுத்தால், கண்ணை இறுக்கி மூடி விழுங்குவான். காலை மாத்திரை முடிய முக்கால் மணி நேரம் ஆகும். சின்ன வயதில் காய்ச்சல் மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தவன் அவன். உறையைத் துவைக்கப் போட்ட அம்மா வாளித் தண்ணீரே கசந்தது என்று இன்றைக்கும் சொல்வாள். இங்கே ஒரு மாத்திரையைக்கூட அவன் துப்பவில்லை. துப்பிடவா என்று கண்ணால் கேட்பான். அவள் தலையசைக்க மாட்டாள். விழுங்கிவிடுவான்.

போன வாரம் மஞ்சள் கண்ணுக்கு ஏறியது. ஈரலையும் தொட்டுவிட்டது என்றாள் டாக்டர். நேற்று மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஸ்பூன் மட்டும் மேசையில் துடைத்துக் கவிழ்த்தபடி இருந்தது.

இன்று காலை கணுக்காலில் பட்டை கட்டினார்கள். மத்தியானம் கிரீஸ் வந்தார். அண்ணனோடு பத்து வருஷம் ஒரே வண்டியில் போய் வந்தவர். நகத்துக்குள் எப்போதும் கறுப்பு இருப்பதால் அந்தப் பெயர். ஆஸ்பத்திரிக்கு வருகிறோம் என்று பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார், விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. அண்ணனின் கால்மாட்டில் நின்று, நாலாவது மாடியில் சிக்கிக்கொண்ட லிஃப்ட்டைப் பற்றியும் உள்ளே இருந்த குண்டு மனிதரைப் பற்றியும் அவனுக்குக் கேட்கிறதா இல்லையா என்று பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். பாதியில் குரல் உடைந்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் வாயை அசைத்தான். அவள் குனிந்து காதை வைத்தாள்.

"கை... கதவுல வைக்காத."

லிஃப்ட்டில் ஏறும் எல்லாரிடமும் அவன் சொல்வது அது. குழந்தைகளிடம், கிழவர்களிடம், ஏறும்போதெல்லாம் அவளிடம். அவள் கட்டில் கம்பியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"வைக்கல அண்ணே" என்றாள்.

அதற்குப் பிறகு மூச்சு மட்டும்தான். ஒன்று வரும், அடுத்ததற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்தார். ஆறாவது மாடியிலிருந்து அவர் மூன்றாவது மாடிக்கு இறங்கி வருவதற்குள் அண்ணன் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தான். எந்த நொடியில் என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் வந்து பார்த்து, மணியைச் சொல்லி எழுதிக்கொண்டாள். மூன்று நாற்பது.

தான் போன் போட்டு விஷயத்தைச் சொல்வதாகக் கிரீஸ் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடைக்கூடத்துக்குப் போனாள். தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, போனை வாய்க்கு அருகில் வைத்து, "அண்ணன் போயிட்டான்" என்றாள். போன் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியது. அனுப்பினாள்.

படித்ததற்கான அடையாளம் வந்தது. பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. பிறகு அப்பாவின் குரல் வந்தது, அதில் பாதி சொல்லாக இல்லை. அதற்கு மேலாக அம்மாவின் குரல்.

"காக்குதுன்னாளே. அவ செல்லு காத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு. நேத்துகூடச் சொன்னாளே."

இன்னொன்று வந்தது. இதில் அப்பா பேசவேயில்லை. போனை அம்மா பக்கம் நீட்டியிருக்க வேண்டும். முன்பைவிட உறுதியான குரல், ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அதைப் பிடித்துக்கொண்டுவிட்ட குரல்.

"இவன்தான் மாத்திரைய முழுங்கியிருக்க மாட்டான். எனக்குத் தெரியாதா அவன? துப்பியிருப்பான். தலகாணிக்குள்ள வச்சிருப்பான். பாவி, அவ எலும்பைக் குடைஞ்சு எடுத்துக் குடுத்தாளே. அத்தனையும் வீணாக்கிட்டுப் போயிட்டானே."

அவள் அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். முக்கால் மணி நேரம், ஸ்பூன் ஸ்பூனாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கியவன் அவன்.

போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். பிறகு தாழ்த்தினாள். இந்தத் தடவை அதனிடம் விட முடியாது. எழுத்துப் பலகையைத் திறந்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினாள்.

அவன் எல்லா மாத்திரையும் சாப்பிட்டான் அம்மா. ஒன்னுகூடத் துப்பல. அன்னிக்கு நான் சொன்னது போன்ல தப்பா வந்துடுச்சு. காக்குது இல்ல. தாக்குது.

அடுத்த வரியில் "என் செ" என்று எழுதி விரல் நின்றது. எந்த ல என்று தெரியவில்லை. அண்ணன் இருந்திருந்தால், அறைக்குள் தலையை நீட்டி, அண்ணே இதுக்கு எந்த ல என்று கேட்டிருப்பாள், பதிலோடு ஒரு கேலியும் வந்திருக்கும். அறைக்கதவு திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கைக்கு வந்ததை எழுதினாள்.

என் செள்தான் அவன கொன்னுச்சு.

அனுப்பினாள். படித்ததற்கான அடையாளம் உடனே வந்தது. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். இந்நேரம் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். கா-க்-கு-து இல்ல. தா-க்-கு-து. அம்மா முகத்தைச் சாய்த்து, காதை அவர் பக்கம் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மா சொல்லப்போகிற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். அது எந்த வார்த்தையாக இருக்கும் என்று யோசித்தாள். தெரிந்த எல்லாவற்றையும் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். எல்லாம் பொருந்தின.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் குரல் வந்தது. போனைக் காதில் வைத்தவளுக்கு முதலில் வண்டிகளின் ஹாரன்தான் கேட்டது. அப்பா வீட்டைவிட்டுத் தெருவுக்கு வந்திருக்கிறார். தன் குரல் தனக்கே கேட்காததால் வாழ்நாளெல்லாம் கத்தியே பேசியவர், இப்போது குரலை எப்படியோ அடக்கி, மூச்சாகப் பேசினார்.

"படிச்சேன் பாப்பா."

ஒரு பஸ் கடந்து போனது.

"அம்மாவுக்கு வேற மாதிரி படிச்சேன். மாத்திரையெல்லாம் சாப்பிட்டான்னு படிச்சேன். மத்தத..."

இன்னும் ஏதோ சொல்ல மூச்சை இழுத்தார். பதினோரு விநாடி தெருச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு முடிந்துவிட்டது. அவள் மறுபடி ஒரு தடவை போட்டு, காதோடு அழுத்தி வைத்து, அந்தப் பதினோரு விநாடியையும் கேட்டாள். அதில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை.

அறைக்குள் நர்ஸ் குழாய்களையெல்லாம் எடுத்து முடித்திருந்தாள். கிரீஸ் சுவரோடு சாய்ந்து, தேய்த்துக் கழுவிய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனின் மேல் புது விரிப்பு ஒன்றைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். கணுக்கால் பட்டை மட்டும் வெளியே தெரிந்தது. வண்டி வர இன்னும் நேரமாகும், அதுவரை உட்கார்ந்திருக்கலாம் என்று நர்ஸ் சைகை காட்டிவிட்டுப் போனாள்.

அவள் உட்காரவில்லை. விரிப்பை இழுத்துக் காலை மூடினாள். கை தானாகவே மூலையைத் தேடிப் பிடித்துப் புரட்டியது. நீலச் சீட்டு. அவள் மேசையிலிருந்து போனதுதான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சீட்டு வெளியே தெரியாதபடி மூலையை உள்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து, மெத்தைக்கு அடியில் செருகினாள்.